காவலுக்குக் காவல்

என் அக்கா வீட்டுக்காரரைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் இதுவரை பார்த்ததில்லை. பால் பாக்கெட் வாங்கினால் ஓட்டை இருக்கிறதா என்று நாலு மூலையையும் அமுக்கிப் பார்ப்பார். தபால்காரர் கையெழுத்துக் கேட்டால் முதலில் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்றே, அக்காவோடு ரெண்டு வார்த்தை பேசுவதற்கு முன்னால், பின்கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது சரியில்லையே" என்றவர் அவர். தாழ்ப்பாளைத்தான் சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அத்தானுக்குச் சந்தேகம் கூடப் பிறந்ததல்ல. இளைஞனாக இருந்தபோது சைக்கிள் நிறுத்துமிடத்தில் வேலை பார்த்தார். தினமும் சிரித்துப் பேசிவிட்டுப் போகிற ஒருவன் ஒரு நாள் டோக்கன் தொலைந்துவிட்டது என்று கையைப் பிசைந்தான். தெரிந்த முகமாயிற்றே என்று அத்தான் வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவன் ஓட்டிக்கொண்டு போனது வேறொருவருடைய வண்டியை. முதலாளி எல்லார் முன்னாலும் அத்தானைக் கன்னத்தில் அறைந்தார். அந்த அறையைப் பற்றி அத்தான் யாரிடமும் வாய் திறந்ததில்லை. அக்காவிடம் மட்டும் எப்போதோ சொல்லியிருக்கிறார், அக்கா எனக்குச் சொன்னாள். அன்றையிலிருந்து 'தெரிந்த முகம்' என்பது அவருக்குக் கெட்ட வார்த்தையாகிவிட்டது.

அதன்பிறகு மருந்துப் பெட்டிகள் அடுக்கிவைக்கும் ஒரு பெரிய கிடங்கில் காவலாளியாகச் சேர்ந்து, படிப்படியாகக் காவல் மேற்பார்வையாளர் ஆனார். அங்கேதான் அந்த முறையைக் கண்டுபிடித்தார். வாசலுக்கு ஒரு காவலாளி. அவன் ஒழுங்காக இருக்கிறானா என்று பார்க்க இன்னொருவன். அந்த இன்னொருவனைப் பார்க்க மூன்றாவது ஆள். யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது அத்தானுக்கு மட்டும் தெரியும். "காவலுக்குக் காவல்" என்று அதற்குப் பேரும் வைத்திருந்தார். அவர் பொறுப்பில் கிடங்கிலிருந்து ஒரு பெட்டிகூடக் காணாமல் போகவில்லை. அதற்காக நிர்வாகம் கொடுத்த சுவர்க்கடிகாரம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவர் ஓய்வுபெற்ற அன்று நடந்த விருந்துக்கு நானும் போயிருந்தேன். கை கழுவுகிற இடத்தில் ஒரு வயதான காவலாளி என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஐயாவோட முறை நல்ல முறைதாம்மா. ஆனா நாங்க எல்லாரும் எதுத்தாப்புல இருக்கற டீக்கடையில ஒண்ணா உக்காந்துதான் டீ குடிப்போம். நீ என்னப் பத்தி எழுதிக் கொடுக்காத, நான் உன்னப் பத்தி எழுதிக் கொடுக்கலன்னு பேசி வெச்சிருந்தோம். இல்லன்னா ஒருத்தன ஒருத்தன் காட்டிக் கொடுத்து எல்லாருக்கும் வேலை போயிருக்கும். கிடங்கும் நின்னு போயிருக்கும்." நான் இதை அத்தானிடம் சொல்லவில்லை. விருந்தும் அதுவுமாக மனுஷன் சந்தோஷமாக இருந்தார். எதற்கு வயிற்றெரிச்சல் என்று விட்டுவிட்டேன்.

அக்கா அவருக்கு நேர் எதிர். ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நின்றவள், ஊர்ப்பட்ட பேச்சு பேசுவாள். பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள் பை நிறைய வாங்கிக்கொண்டு போவார்கள். வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. அதிலும் "ஏங்க" என்று அத்தானைக் கூப்பிடுவதில் அவள் பெரிய வித்தைக்காரி. சமையலறையிலிருந்து வரும் "ஏங்க" வேறு, கோபத்தில் வரும் "ஏங்க" வேறு. சாமான் தீர்ந்துபோனதற்கு ஒன்று, பல்லியைப் பார்த்ததற்கு ஒன்று, ஒன்றுமில்லை சும்மாதான் என்பதற்கு ஒன்று. அந்த ஒற்றைச் சொல்லை வைத்தே அத்தான் குடையை எடுப்பதா, துடைப்பத்தை எடுப்பதா என்று தெரிந்துகொள்வார். அவளிடம் அவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். வேலையிலிருந்து வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்பார்: "வாசக் கதவ சாத்தியாச்சா?" அந்தக் கதவு வழியாக இப்போதுதான் உள்ளே வந்திருப்பார், அவரே சாத்தியும் இருப்பார். ஆனாலும் கேட்பார்.

அப்பேர்ப்பட்ட அக்காவுக்குத்தான் தொண்டையில் கட்டி வந்தது. முதலில் ஜலதோஷம் என்றார்கள். பிறகு கடையில் கத்திப் பேசுவதால் வந்த கரகரப்பு என்றார்கள். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அவர்கள் எழுதிக் கொடுத்தபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் டாக்டர். கழுத்தில் ஒரு துவாரம் போடுவார்கள், மூச்சு அதன் வழியாகத்தான் போய் வரும், பேச்சு இனிமேல் வராது. அக்கா அதைக் கேட்டுவிட்டு டாக்டரிடமே, "அப்ப இவரை யாரு சார் திட்டறது?" என்றாள். டாக்டர் சிரித்தார். வெளியே வந்து கழிவறைக்குள் போனவள் வெளியே வர நெடுநேரம் ஆனது.

அவர்களுடைய ஒரே மகளை வீட்டில் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவோம். மூக்குக்கண்ணாடி இல்லாமல் அவளை யாரும் பார்த்தது கிடையாது. வேறு ஊரில், கணினிக்கு நிரல் எழுதும் வேலை. விஷயத்தைக் கேட்டதும் லீவு போட்டு ஓடிவந்தாள். "ஆபரேஷனுக்கு முன்னாடி அம்மா குரலைப் பிடிச்சு வெச்சுடலாம் சித்தி" என்றாள். வீட்டுக் கணினியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோய், எதிரொலி வராமலிருக்க பீரோக் கதவுகளைத் திறந்து போட்டு, ஜன்னலில் தலையணைகளை அடைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அம்மாவை மைக் முன்னால் உட்காரவைத்தாள். வியர்த்து வழிய அக்கா சொல் சொல்லாகச் சொன்னாள். பசிக்குது. வலிக்குது. வா. போ. உக்காரு. பேரெல்லாம், கிழமையெல்லாம், தெருவெல்லாம். அத்தனை "ஏங்க"வும். பல்லி "ஏங்க" சரியாக வரவில்லை என்று நான் போய்ச் சுவரில் நிஜப் பல்லியைக் காட்டினேன். அந்த நாட்களில் நாங்கள் சிரித்ததும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

அறுவை சிகிச்சை முடிந்து அக்கா வீட்டுக்கு வந்தபோது கண்ணாடி ஒரு நிரலைத் தயார் செய்து வைத்திருந்தாள். அக்கா எழுத்துகளைத் தட்டினால் கணினி அவள் குரலிலேயே பேசும். அடிக்கடி வேண்டிய சொற்களுக்குத் தனித்தனிப் பொத்தான். பதிவுகளையெல்லாம் நிரலோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டாள். "தனித்தனியா கிடந்தா அப்பா என்னமோ ஏதோன்னு ஒண்ணொண்ணா அழிச்சிடுவாரு. அதான்" என்று என் காதில் சொன்னாள். கணினியில் அப்போது ஒரே ஒரு வைரஸ் தடுப்புதான் இருந்தது. அதனிடம் இது நம் வீட்டுச் சாமான், தொடாதே என்று சொல்லிவைத்தாள். பழைய கணினி, இடம் போதாது என்பதால் தனிப் பதிவுகளை நீக்கிவிட்டாள். அவளுடைய மடிக்கணினி அலுவலகத்துடையது, சொந்தச் சாமான் எதையும் அதில் வைக்கக் கூடாது. ஆகவே மூட்டையின் நகல் ஒன்றைப் பென்டிரைவில் போட்டு என்னிடம் கொடுத்து, "உன் பீரோல வெச்சிரு சித்தி" என்றாள்.

முதன்முதலாக அந்தப் பொத்தானை அக்கா அழுத்தியபோது அத்தான் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். "ஏங்க" என்றது கணினி. பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அக்கா முன்னால் நின்றுகொண்டு, "இன்னொரு வாட்டி" என்றார்.

ஒரு வருஷம்போல அந்தக் குரலை வைத்துக்கொண்டு வீடு நன்றாகவே ஓடியது. அக்கா அதில் கேலி பேசக் கற்றுக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டைகூடப் போட்டாள். தட்டி முடிப்பதற்குள் அந்தம்மா போய்விடுவாள் என்பதால் திட்டுகளுக்குத் தனிப் பொத்தான் வேண்டும் என்று மகளைக் கேட்டாள்.

அப்புறம்தான் மாடி வீட்டில் அது நடந்தது. யாரோ அனுப்பிய எதையோ அவர்கள் திறந்துவிட்டார்கள். கணினி முழுவதும் பூட்டிக்கொண்டது. குழந்தை பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்களெல்லாம் போச்சு. அந்த அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை அத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்து அக்காவின் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் அன்று அங்கே இருந்தேன். மனுஷன் முகம் வெளிறிப் போயிருந்தது.

"இவ குரல் உள்ள இருக்கு. வாசல்ல ஒரே ஒரு ஆளுதான் நிக்கறான். அவன் தூங்கிட்டான்னா?" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்மேல் எனக்கு ஆயிரம் கோபம் உண்டு. ஆனால் அன்று அவர் முகத்தில் இருந்தது பயம். அவளை இரண்டாவது தடவையும் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயம்.

அந்த வாரமே இரண்டாவது தடுப்பு நிரல் வந்து உட்கார்ந்தது. அடுத்து மூன்றாவது. திரையின் மூலையில் மூன்று கேடயங்கள் வரிசையாக நின்றன. பழையது பச்சை, புதியவை நீலமும் ஆரஞ்சும். அத்தான் அவற்றுக்குப் பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட், ரிலீவர் என்று பேர் வைத்தார். எனக்குக் காட்டும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"மூணுக்கும் ஒண்ணையொண்ணு தெரியாதும்மா. தனித்தனி கம்பெனி. ஒருத்தன் அசந்தா இன்னொருத்தன் பிடிச்சிடுவான்."

"ஒண்ணுக்கொண்ணு சண்டை போட்டுக்காதா அத்தான்?"

"போடட்டுமே. போட்டாத்தான் வேலை நடக்கும். கிடங்குல நான் பாக்காததா?"

டீக்கடை சமாசாரம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கூடி உட்கார்ந்து பேசிவைத்துக்கொள்ளக் கணினிக்குள் டீக்கடை கிடையாதே என்று எனக்கு அப்போது சொல்லத் தோன்றவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கும் தெரியாது.

கணினி முதலில் மந்தமானது. அக்கா பொத்தானை அழுத்துவாள். ஒன்றும் வராது. அத்தான் வெளியே போய், செருப்பை மாட்டி, தெருமுனை திரும்பிய பிறகு காலி வீட்டில் "ஏங்க" என்று கேட்கும். சில நேரம் "ஏ... ஏ... ஏ..." என்று இழுத்து நின்றுவிடும். அக்காவுக்கு அவமானமாக இருந்தது. தன் குரல் திக்குகிறதே என்று அவள் சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: 'அதுங்கள எடுத்துடுங்க.'

"செக்கிங்னு போட்டா கொஞ்சம் நேரம் ஆகத்தான் செய்யும். லாரிகூட கேட்ல நின்னுதான போகும்? பொறுத்துக்க" என்றார் அத்தான்.

பிறகு பெட்டிகள் வர ஆரம்பித்தன. ஆபத்து, ஆபத்து என்று சிவப்பாக. அத்தானுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஆனால் பெட்டியில் இருக்கும் ரெண்டு சொல்தான் அவருக்கு அர்த்தமாகும்: அலோ, பிளாக். உள்ளே விடு, விடாதே. கிடங்கில் ஆயுசு முழுக்கச் செய்த வேலைதான் அது. யோசிக்காமல் பிளாக்கை அழுத்துவார். "பாத்தியா, இன்னொண்ணு மாட்டுச்சு!" என்று அக்காவிடம் சொல்லிக்கொள்வார். அந்தப் பெட்டிகளில் பாதி ஒரு காவல் நிரல் இன்னொன்றைக் காட்டிக் கொடுத்தது என்பதைக் கண்ணாடிதான் பிற்பாடு எங்களுக்கு விளக்கினாள். ஒன்று பிடித்து அடைத்துவைத்த சந்தேகப் பொருளை இன்னொன்று மோப்பம் பிடித்து, இவன் வீட்டில் திருட்டுச் சாமான் இருக்கிறது என்று கூவியிருக்கிறது. புதிதாக வந்த இரண்டும் ஆளாளுக்குப் போட்டி போட்டு உழைத்திருக்கின்றன.

ஒரு மத்தியானம் அக்காவைக் கழுத்துத் துவாரத்தைக் காட்டுவதற்காக நான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். அத்தான் வீட்டில் தனியாக இருந்தார். ஆரஞ்சுக் கேடயம் ஒரு பெட்டியை நீட்டியது. அதில் இருந்தது யாரும் கேள்விப்படாத ஒரு பெயர், நாலு எழுத்தும் ரெண்டு எண்ணுமாக. கண்ணாடி தன் வசதிக்கு வைத்த பெயர் அது. 'அம்மா' என்று வைத்திருந்தால் அவர் கை நின்றிருக்குமோ என்னவோ. எந்தக் கம்பெனி முத்திரையும் இல்லாமல் வீட்டில் செய்த, இறுக்கிக் கட்டிய மூட்டை. காவல் நிரல்களுக்கு அப்படிப்பட்டதைக் கண்டாலே ஆகாதாம். அத்தான் பெயரைப் பார்த்தார், தெரியவில்லை. பிளாக்கை அழுத்தினார். ஆரஞ்சு அதைத் தூக்கித் தன் கொட்டடியில் அடைத்தது. நீலம் அந்தக் கொட்டடிக்குள் எட்டிப் பார்த்து, உள்ளே இருந்ததைச் சுத்தமாக அழித்தது. அத்தான் எழுந்துபோய் டீ போட்டார்.

நாங்கள் திரும்பி வந்ததும் அக்கா நேராகக் கணினியிடம்தான் போனாள். டாக்டர் நல்லபடியாகச் சொல்லியிருந்தார், அதை அத்தானிடம் சொல்ல வேண்டும் என்ற அவசரம். பொத்தான்கள் இருந்த ஜன்னலே திறக்கவில்லை. மறுபடி மறுபடி அழுத்தினாள். கையைத் தட்டி அவரைக் கூப்பிட்டாள். அவர் வந்து குனிந்து பார்த்து, "இருக்கும், இருக்கும், செக்கிங்ல இருக்கும்" என்றார். அப்புறம் பெட்டியில் பார்த்த அந்தப் பெயர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணாடிக்குப் போன் போட்டேன். "யாரும் எதையும் தொடாதீங்க" என்றாள் அவள். "உன்கிட்ட இருக்கே சித்தி, அது போதும். ஆனா மொதல்ல அந்த மூணையும் கணினியிலருந்து எடுக்கணும். எடுத்த பிறகுதான் பென்டிரைவைக் குத்தணும். நான் சனிக்கிழமை வரேன், அதுவரைக்கும் சும்மா இருங்க."

சும்மா இருக்க அத்தானால் முடியவில்லை. அக்கா பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. மறுநாளே எனக்குப் போன் செய்தார். "மூணையும் எடுத்துட்டேம்மா. கொண்டா அதை." எனக்கும் அக்காவை அப்படிப் பார்க்க மனசில்லை. பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு போனேன்.

வெயில் கூடத்தில் விழுந்திருந்தது. அக்கா கணினிக்கு நேராக நாற்காலியைப் போட்டு, மடியில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, நல்ல உடுப்பு உடுத்தியிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவரும் ஆளை எதிர்கொள்வதுபோல இருந்தது. நான் திரையின் மூலையைப் பார்த்தேன். கேடயங்கள் இல்லை.

"எல்லாத்தையும் எடுத்தாச்சுல்ல அத்தான்?"

"ஆச்சு, ஆச்சு" என்று பென்டிரைவை என் கையிலிருந்து வாங்கி அவரே குத்தினார்.

உள்ளே இருந்ததன் பெயர் திரையில் தெரிந்தது. அதே நாலு எழுத்து, ரெண்டு எண். அக்கா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. அது எதுவும் கேட்கவில்லை. ஒரு டிக் போட்டுக் காட்டிவிட்டு மறைந்தது. பெயரும் மறைந்தது. சுத்தம் செய்தாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

"என்ன அத்தான் அது?" என்றேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு ஆளை, அந்த ரிலீவரை மட்டும் விட்டு வெச்சேன்" என்றார். "கண்ணுக்குத் தெரியாம பின்னால நிக்கச் சொல்லி வெச்சேன். வெளியிலருந்து ஒரு பொருள் உள்ள வருதே... வாசல்ல யாருமே இல்லாம எப்படி..."

நான் கத்தினேன். வாய்க்கு வந்தபடி கத்தினேன். பெரியவர், அக்கா புருஷன் என்ற மரியாதையெல்லாம் அன்று காற்றில் போய்விட்டது. அவர் பென்டிரைவைப் பிடுங்கி மறுபடி குத்தினார், மறுபடி பிடுங்கினார். அக்கா வாயைத் திறந்தாள். கழுத்தில் கட்டியிருந்த துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. அழுகைக்குக்கூடச் சத்தம் வேண்டியிருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு சிலேட்டில் எழுதி அவர் பக்கம் திருப்பினாள்.

'உள்ள இருந்தது நான்.'

சனிக்கிழமை கண்ணாடி வந்தாள். அந்தக் காவல் நிரல் அழித்ததோடு விடாமல், அழித்த இடத்தின் மேல் வேறு எதையோ எழுதியும் வைத்திருக்கிறது என்றாள். பென்டிரைவைக் கடைக்கு எடுத்துப்போனாள். கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அத்தான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஊருக்குப் போவதற்கு முன்னால், எங்கோ விற்கிற ஒரு யந்திரக் குரலைக் கணினியில் போட்டுக் கொடுத்தாள். அக்கா அதில் 'ஏங்க' என்று தட்டினாள். செய்தி வாசிக்கிறவள்போல யாரோ ஒரு பெண் தெளிவாக, அழகாக "ஏங்க" என்றாள். அத்தான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்தார். அக்கா கணினியை அணைத்துவிட்டாள். அதன்பிறகு அவளுக்கு சிலேட்டுதான், கைத்தட்டல்தான்.

அதற்கப்புறம் அந்த வீட்டுக்குப் போவதென்றாலே எனக்கு மனசு வராது. அத்தானோடு நான் பேசுவதை நிறுத்தியிருந்தேன். அவர் கதவைப் பற்றிக் கேட்பதை நிறுத்தியிருந்தார். பதில் சொல்ல ஆளில்லாத கேள்வியை எத்தனை நாள்தான் கேட்பார்? சாயங்காலமானால் தானே எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்காருவார். கடிகாரம் மட்டும் ஓடும். அக்கா கோபத்தை அவர்மேல் கொட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் அவருக்குச் சோறு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், முகத்தை மட்டும் கொடுக்கவில்லை.

அடுத்த லீவுக்கு வந்த கண்ணாடி, கணினியைத் துடைத்துப் புதிதாக்கித் தரலாம் என்று உட்கார்ந்தவள் ஒரு மூலையில் 'குப்பை' என்ற கோப்புறையைப் பார்த்தாள். அவளே வைத்தது. பதிவு செய்த நாட்களில் வீணாய்ப்போன துண்டுகளை அதில் போட்டிருக்கிறாள், பிறகு மறந்துவிட்டிருக்கிறாள். மூட்டையாகக் கட்டாத வெறும் ஒலித் துண்டுகள். அத்தானின் காவலாளிகள் யாரும் குப்பையைச் சீந்தவில்லை. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். இருமல். தெருவில் லாரி ஹாரன். "அம்மா, மறுபடியும்" என்று அவளுடைய குரல். என் தும்மல். அக்காவின் குரல் முழுசாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு அதை ஓடவிட்டாள். "ஏங்..." என்று அக்கா ஆரம்பிக்கிறாள். கதவு திறக்கிற சத்தம். "வாசக் கதவ சாத்தியாச்சா?" என்று அத்தான் குரல். "அப்பா!" என்று கண்ணாடி சலித்துக்கொள்கிறாள். அப்புறம் அக்கா: "சாத்தியாச்சுங்க, சாத்தியாச்சு! ஒரு நாளைக்கு எத்தனை வாட்டிதான் கேப்பீங்க?" அதோடு நிற்கவில்லை. அக்கா சிரிக்கிறாள். விழுந்து விழுந்து, மூச்சு முட்ட, அந்தப் புழுக்கமான அறையில் பீரோக் கதவுகளுக்கு நடுவில் உட்கார்ந்து சிரிக்கிறாள். அத்தனை சொல்லையும் பதிவு செய்தோமே, சிரிப்பைப் பதிவு செய்ய எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அத்தான் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். துண்டு முடிந்ததும் அக்கா மகளைப் பார்த்து விரலை நீட்டி, அதை ஒரு பொத்தானில் போடச் சொன்னாள். அந்த ஒரு பொத்தான் மட்டும்.

இப்போதும் நான் அங்கே போய் வருகிறேன். அத்தானோடு பேச ஆரம்பித்துவிட்டேன், எத்தனை நாளைக்குத்தான் வீம்பு பிடிக்க முடியும்? போன வாரம் போயிருந்தேன். திரையில் ஏதோ பெட்டி வந்ததும், "இது என்னன்னு பாரும்மா, நான் தொடல" என்று எழுந்து தள்ளி நின்றுகொண்டார்.

சாயங்காலம் ஆனது. நான் வரும்போது வாசல் கதவைச் சாத்தாமல் வந்திருந்தேன். தெரு வெளிச்சம் கூடம் வரைக்கும் விழுந்தது. அத்தான் அதைப் பார்க்கவே இல்லை. அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை போல மெதுவாகக் கேட்டார்.

"வாசக் கதவ சாத்தியாச்சா?"

அக்காவின் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. சில நாள் அழுத்துவாளாம். பல நாள் அழுத்த மாட்டாளாம். எந்த நாள் எது என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டார். அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அத்தான் தலையாட்டினார். "சரி, நாளைக்குக் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.